பத்து ரூபாயைக் கையில் கொடுக்கும் முன் ஒரு படி கொட்டைப் புளி எடுத்து வையுங்கள்

மாசி, பங்குனி வந்தால் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வாசலெல்லாம் புளி காயும். திண்ணையில் ஆயாக்கள் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த வாசலைத் தாண்டித்தான் பிள்ளைகள் காசோடு கடைக்கு ஓடிப் புளி மிட்டாய் வாங்கி வருகிறார்கள். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். எது அதிகமோ அதுதான் முதலில் அச்சாகும். பலதில் முதலில் நிற்பது சர்க்கரை. புளிப்புக்குச் சிட்ரிக் அமிலம். கிருஷ்ணகிரி மாவட்டத்து உரிகம் ஊரின் புளி விளையும் மண்ணில் இதைப் பார்க்க மனசு ஆறவில்லை.

வீட்டில் செய்ய, சீரகம் வறுப்பதைத் தவிர, அடுப்பே வேண்டாம். கொட்டையும் நாரும் எடுத்த புதுப் புளி 200 கிராம், வெல்லம் 200 கிராம், வறுத்த சீரகம் ஒரு டீஸ்பூன், வரமிளகாய் இரண்டு, கல் உப்பு அரை டீஸ்பூன். முதலில் சீரகம், மிளகாய், உப்பு மூன்றையும் உரலில் நுணுக்கி, பிறகு புளி, கடைசியாக வெல்லம் போட்டு இடியுங்கள். வெல்லத்தை முதலில் போட்டால் இளகி உலக்கையில் ஒட்டிக்கொள்ளும், மிளகாய் மசியாது.

கெட்டுப்போவது பெரும்பாலும் தண்ணீரால்தான். இடிபடவில்லையே என்று ஒரு கை தெளித்தால் சில நாளில் நுரைத்துப் பூசணம் பிடிக்கும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டவும் வழியில்லை என்பதால் மண் இல்லாத வெல்லமாகப் பார்த்து வாங்க வேண்டும். போன வருஷத்துப் பழம்புளி கறுத்து இறுகியிருக்கும், மிட்டாய்க்கு ஆகாது. மிக்ஸி வேண்டாம், பிளேடில் சுற்றிக்கொண்டு மோட்டார் திணறும். இரும்பு உரலும் வேண்டாம். புளிப்பு இரும்பை அரித்து வாடை ஏறிவிடும், கல்தான் சரி. கையில் நல்லெண்ணெய் தடவி நெல்லிக்காய் அளவு உருட்டி, சுரண்டிக் கழுவிக் காயவைத்த ஈர்க்குச்சியில் செருகுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் குச்சி இல்லாமலே கொடுத்துவிடலாம்.

இனி கொட்டை. குப்பையில் கொட்டாதீர்கள், பாதி விளையாட்டு அதில்தான் இருக்கிறது. சதை போகக் கழுவி இரண்டு நாள் வெயிலில் போடுங்கள். ஒட்டியிருந்தால் எறும்பு வரும். ஓட்டை விழுந்ததை வண்டு தின்றிருக்கும், தள்ளிவிடுங்கள்.

தாயம் ஆட்டத்துக்கு ஒரே அளவில் நாலு கொட்டை போதும். சொரசொரப்பான கல்லில் ஒரு பக்கத்தை மட்டும் தேயுங்கள். பழுப்புத் தோல் போய் வெள்ளை தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஆசையில் பாதிக் கொட்டை வரை தேய்த்தால் அந்தப் பக்கம் தட்டையாகி, விழும்போதெல்லாம் அதிலேயே உட்காரும், தேய்க்காத கறுப்புப் பக்கமே மேலே நிற்கும். நாலும் கறுப்பு என்றால் எட்டு. எட்டுக்கு மறு ஆட்டம் உண்டு. எட்டே விழுந்துகொண்டிருந்தால் அப்புறம் ஆட்டத்தில் என்ன ருசி? ஒரு வெள்ளை விழுந்தால் தாயம், அதாவது ஒன்று; நாலும் வெள்ளை என்றால் நாலு. சரியாகத் தேய்த்த கொட்டையில் பதினாறு வீச்சுக்கு ஏறக்குறைய நாலு தாயம் விழும், எட்டு ஒன்றுதான். பிள்ளைகளையே நூறு முறை போட்டு எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள், கணக்குப் பாடத்தில் வரும் நிகழ்தகவு கையில் புரியும். ஐந்துக்கு ஐந்து கட்டம், நடுவிலும் நாலு ஓரத்தின் நடுவிலும் மலை. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும், மலையில் இருப்பதை வெட்டக் கூடாது. இந்த இரண்டையும் ஆரம்பத்திலேயே பேசிக்கொண்டால் சண்டை பாதி குறையும்.

பல்லாங்குழிக்குப் பலகை இல்லையென்றால் மண்ணில் பதினான்கு குழி தோண்டினாலும் போதும். குழிக்கு ஐந்து, மொத்தம் 70 கொட்டை. ஆடும்போது உங்கள் பக்கத்துக் குழியில் நாலு சேர்ந்தால் அது பசு, உடனே எடுத்துக்கொள்ளலாம். பார்க்காமல் விட்டு ஐந்தாவது விழுந்துவிட்டால் போனது போனதுதான். பேத்திகள் ஆயாக்களிடம் தோற்பது இந்த இடத்தில்தான். ஆட்டம் முடிந்ததும் எழுபதையும் எண்ணி டப்பாவில் போடுங்கள். ஒன்று குறைந்தாலும் அடுத்த ஆட்டத்தில் ஒரு குழி நாலோடு தொடங்கும்.