நாலாவது மாடிக் கூடை

(யாங்கோன். லிப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடி. வீட்டுக்காரர் சுந்தரம். எதிரே, அவருடைய புத்தகங்களில் வேண்டாததை எடுத்துக்கொள்ள வந்திருக்கும், பான்சோடான் தெரு நடைபாதையில் பழைய புத்தகம் விற்கும் முனியாண்டி.)

முனியாண்டி: ஒண்ணொண்ணா உருவினா தீபாவளி வந்துடும் ஐயா. மொத்தத்தையும் தரையில இறக்குங்க. அப்பதான் எது ரெண்டு இருக்குன்னு தெரியும்.

சுந்தரம்: ரெண்டா? எங்கிட்ட கிடையாது.

(அரை மணி நேரம் கழித்து)

முனியாண்டி: இதோட அகராதி மூணு.

சுந்தரம்: ஒண்ணு பார்க்க. ஒண்ணு இரவல் கொடுக்க. இன்னொண்ணு, இரவல் போனது திரும்பலேன்னா.

முனியாண்டி: விண்டோஸ் 98 கையேடு எதுக்கு? கம்ப்யூட்டர் எங்க?

சுந்தரம்: 2008 நர்கீஸ் புயல்ல நனைஞ்சு போச்சு. கையேட்டுல ஒரு சொட்டு படலை. ராசியான புத்தகம்ப்பா!

முனியாண்டி: பழைய பஞ்சாங்கம், வரிச்சட்டம், கம்ப்யூட்டர் கையேடு எதையும் நான் எடுக்கிறதில்ல. பேப்பர்காரன்தான் வீசைக் கணக்குல எடுப்பான். இங்க வீசைன்னா 1.6 கிலோ.

சுந்தரம்: பக்கத்துக்குப் பக்கம் அடிக்கோடு போட்டிருக்கேனே!

முனியாண்டி: அதைச் சொல்லிடாதீங்க, எடுக்கிறதையும் குறைச்சுக் கேப்பான். (ஒன்றை விரித்து) அட்டை ஓரம் சுரண்டின மாதிரி இருக்கு பாருங்க. ராமபாணப் பூச்சி. பைண்டிங் பசையில இருக்கிற மாவுதான் அதுக்குச் சாப்பாடு. அலமாரியைச் சுவரோட ஒட்டியா வெப்பாங்க? மழை மாசத்துல சுவர் ஊறும். நாலு விரல்கடை தள்ளி வெச்சாத்தான் காத்து போகும்.

சுந்தரம்: ப்ரீசர்ல வெச்சா பூச்சி சாகுமாமே?

முனியாண்டி: சாகும். பிளாஸ்டிக் பையில இறுக்கிக் கட்டி, மைனஸ் 18 டிகிரியில ரெண்டு வாரம். எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது, ஒரு நாள் அப்படியே கிடக்கணும். இல்லாட்டி தாள் வேர்த்து நனைஞ்சிடும்.

சுந்தரம்: ரெண்டு வாரம் விடாம கரண்டா?

முனியாண்டி: அதுக்கு வேற ஊர்ல பொறந்திருக்கணும். இது பூஞ்சணம், தனியா வைங்க. வெயில்ல போட்டா அட்டை வளைஞ்சிடும். நிழல்ல காத்தோட்டமா விரிச்சு நிறுத்துங்க. காஞ்ச பிறகு மூக்கைக் கட்டிக்கிட்டு, வெளிய வெச்சு மெத்துன்னு ஒரு பிரஷ்ஷால தட்டுங்க.

சுந்தரம்: சரி, மத்ததை அரிசிச் சாக்குல கட்டட்டுமா?

முனியாண்டி: முனையெல்லாம் மடங்கும். சின்ன அட்டைப்பெட்டி, 12 கிலோவுக்கு மேல வேண்டாம், அடி பிஞ்சிடும். முதுகு மேல வர்ற மாதிரி நிறுத்தாதீங்க. தாள் கனத்துல தைப்பு விட்டுப்போகும். படுக்க வைங்க. பெட்டிங்க கீழ என்கிட்ட இருக்கு.

சுந்தரம்: அப்போ நீ சுமந்துட்டுப் போறியா?

முனியாண்டி: நாலு மாடியா? பால்கனியில பேப்பர் வாங்குற கயிறு தொங்குதே, அதுல கூடையைக் கட்டி மூணு மூணு கிலோவா இறக்குங்க. கயிறு நுனியில இருக்கிற கிளிப்பை நம்பாதீங்க, முடிச்சு போடுங்க.

(முனியாண்டி தெருவில். சுந்தரம் பால்கனியில்.)

முனியாண்டி: ஒண்ணு வந்துச்சு! அடுத்தது?

சுந்தரம்: வருது, வருது.

முனியாண்டி: ஐயா, ரெண்டாவது மாடி வரைக்கும் வந்த கூடை மறுபடி மேல போகுதே!

சுந்தரம்: தூத்தல் போடுதுப்பா. கையேடு நனைஞ்சிடும்.