பிரெக்சிட்டைத் தனி ஆளாக நிறுத்தினாரா நீதிபதி ஹேல்?

“பிரிட்டனின் முதல் பெண் நீதிபதி பிரெண்டா ஹேல், 2019இல் தனி ஆளாக பிரெக்சிட்டுக்குத் தடை போட்டார்” என்று, சிலந்தி வடிவ புரோச் (உடையில் குத்தும் அணிகலன்) அணிந்த அவரது படத்தோடு ஒரு பதிவு சுற்றுகிறது. (பிரெக்சிட் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேறியது.) படம் மட்டும்தான் சரி.

பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் 2019 செப்டம்பர் 24 தீர்ப்பு, 11 நீதிபதிகள் ஒருமனதாகத் தந்தது. தலைவர் என்பதால் சுருக்கத்தை வாசித்தவர் ஹேல். வழக்கு பிரெக்சிட் பற்றியதே அல்ல. நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் முடக்கச் சொல்லி அரசிக்குப் பிரதமர் ஜான்சன் அளித்த ஆலோசனை சட்டப்படி செல்லுமா என்பதுதான் கேள்வி. செல்லாது என்றானதும் அவை மறுநாளே கூடியது. பிரெக்சிட்டோ 2020 ஜனவரி 31இல் நடந்தே விட்டது.

‘முதல் பெண்’ என்பதும் பிழை. உயர் நீதிமன்றத்துக்கு எலிசபெத் லேன் 1965லேயே வந்துவிட்டார். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 18 ஆண்டு சட்டம் கற்பித்த ஹேல் உயர் நீதிமன்றத்தில் நுழைந்தது 1994இல். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் தலைவர் என்றால் சரி; அது 2017இல்.