உயர் நீதிமன்ற நீதியரசராகப் போட்டிப் பரீட்சையா?

ஹட்டன், நுவரெலியா பக்க வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. "உயர் நீதிமன்ற நீதியரசர்களைப் போட்டிப் பரீட்சை வைத்து, புள்ளி வரிசைப்படிதான் எடுக்கிறார்கள், எங்கள் பிள்ளைகள் எழுதாததால்தான் வாய்ப்பில்லை" என்கிறது அது. தவறு.

உயர் நீதிமன்றம்தான் இலங்கையின் அதியுயர் நீதிமன்றம். அதன் நீதியரசர் பதவிக்குப் பரீட்சையே கிடையாது. அரசியலமைப்பின் 107ஆம் உறுப்புரைப்படி நியமிப்பவர் ஜனாதிபதி. ஆனால் அரசியலமைப்புப் பேரவை அங்கீகரிக்க வேண்டும். அதற்கு முன் பேரவை பிரதம நீதியரசரின் கருத்தையும் பெற வேண்டும். பேரவையில் சபாநாயகர், பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர் உட்படப் பத்துப் பேர். அதில் மூவர் நாடாளுமன்றத்துக்கு வெளியே இருந்து வருபவர்கள். 2020இல் 20ஆவது திருத்தம் இந்த அங்கீகாரத்தை வெறும் அபிப்பிராயமாக்கியது. 2022இல் 21ஆவது திருத்தம் அதை மீட்டது. நீதியரசர்களின் உச்ச எண்ணிக்கை, பிரதம நீதியரசரோடு சேர்த்து, 17. ஓய்வு வயது 65.

குழப்பம் கீழ் நீதிமன்றங்களால் வந்திருக்கலாம். அங்கே நியமன முறை வேறு. நீதவான், மாவட்ட நீதிபதி நியமனங்கள் நீதிச்சேவை ஆணைக்குழுவின் கையில். சட்டத்தரணியான ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை நீதித்துறைக்குள் நுழையக்கூடிய வாசல்களில் அதுவும் ஒன்று.

சரி, திறமை பார்க்கப்படுவதில்லையா? பார்க்கலாம், ஆனால் எந்த அளவுகோலில் என்று அரசியலமைப்பு எழுதி வைக்கவில்லை. எனக்கு இதுதான் பெரிய கவலை. பேரவை ஒருவரை ஏன் ஏற்றது, ஏன் மறுத்தது என்று காரணத்தோடு வெளியிட வேண்டும். பிள்ளைகள் பரீட்சை எழுதவில்லை என்று அவர்கள் மேல் பழி போடுவது நியாயமே இல்லை.