ஒட்டுப் போட்ட இடம்

(அமெரிக்காவில் ஒரு புத்தகக் கடை. 1997ஆம் வருஷக் கடைசி. வந்தவரைப் போன்ற ஒருவரை எந்த ஊர்ப் புத்தகக் கடையிலும் பார்க்கலாம்.)

வந்தவர்: இதைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். இதில் வேறு ஆள் கை பட்டிருக்கிறது.

கடைக்காரம்மா: புதுப் புத்தகம்தானே சார் கொடுத்தேன்? அழுக்கு ஏதாவது இருக்கிறதா?

வந்தவர்: அந்தக் கை இல்லை அம்மா. எழுதுகிற கை. ‘செயின்ட் லீபோவிட்ஸ் அண்ட் த வைல்ட் ஹார்ஸ் உமன்’ நாவல்; அட்டையில் வால்டர் மில்லர் என்று போட்டிருக்கிறது. உள்ளே டெர்ரி பிஸன் என்று ஒருவர் புகுந்து முடித்திருக்கிறாராம்.

கடைக்காரம்மா: மில்லர் 1996 ஜனவரியில் காலமாகிவிட்டார். பாக்கியை யாராவது எழுதத்தானே வேண்டும்?

வந்தவர்: இதன் முதல் பாகம் ‘எ கேண்டிகிள் ஃபார் லீபோவிட்ஸ்’ வந்தது 1959இல். அடுத்த பாகத்துக்கு 38 வருஷம் காத்திருந்தேன். மில்லருக்காகக் காத்திருந்தேன், பிஸனுக்காக இல்லை.

கடைக்காரம்மா: மில்லரும்தான் காத்திருந்தார், கடைசி அத்தியாயங்களுக்காக. வரவில்லை.

வந்தவர்: ஏன் வரவில்லை? முதல் புத்தகம் எழுதியவர்தானே?

கடைக்காரம்மா: 1944இல் இத்தாலியில் மோன்டே கசீனோ கிறிஸ்தவ மடத்தின் மேல் குண்டு போட்ட விமானப் படையில் இருந்தவர் சார் அவர். அப்புறம் ஒரு மடத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தார். அது லேசில் தீருகிற விஷயமா?

வந்தவர்: அதற்காக? எனக்கும் வயசாகிறதில்லையா?

கடைக்காரம்மா: சரி, பிஸன் எழுதியது எது என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

வந்தவர்: கண்ணில் குத்துகிறதே! இழுவையாக இருக்கிற இடமெல்லாம் பிஸன்.

கடைக்காரம்மா: நன்றாக இருக்கிற இடம்?

வந்தவர்: மில்லர்.

கடைக்காரம்மா: சுமாரான இடம்?

வந்தவர்: (யோசித்து) மில்லர் எழுதி, பிஸன் கைவைத்தது.

கடைக்காரம்மா: பிஸன் சாதாரண ஆள் இல்லை. கரடிகள் நெருப்பைக் கண்டுபிடிக்கிற மாதிரி ஒரு கதை எழுதி, அறிவியல் புனைகதைக்குக் கொடுக்கிற ஹ்யூகோ விருது வாங்கியவர்.

வந்தவர்: பார்த்தீர்களா? அதனால்தான் இதில் குதிரை வருகிறது.

கடைக்காரம்மா: கரடிக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்?

வந்தவர்: மிருகத்தில் கை வைத்தவர் நிறுத்துவாரா? மில்லர் என்றால் வேறு அம்மா. அவர் ஒரு மளிகைச் சீட்டு எழுதியிருந்தால்கூட நான் கண்ணில் ஒற்றிக்கொள்வேன்.

கடைக்காரம்மா: எழுதியிருக்கிறாரே! முதல் புத்தகத்தில், அணு யுத்தத்தில் எல்லாம் அழிந்து பல நூறு வருஷம் கழித்துப் பாலைவனத்தில் ஒரு துறவி கையில் கிடைக்கிறதே. ஒரு பவுண்டு பஸ்ட்ராமி இறைச்சி, ஆறு பேகல் ரொட்டி.

வந்தவர்: அதுதான் எழுத்து! பஸ்ட்ராமியிலேயே மில்லரின் கை தெரியும். பிஸன் எழுதியிருந்தால் எட்டு பேகல் என்று போட்டிருப்பார்.

கடைக்காரம்மா: அதே துறவி ஒரு பழைய மின்சுற்று வரைபடத்தைத் தங்கத்தால் இழைத்து, வருஷக்கணக்காக உட்கார்ந்து பிரதி எடுத்தாரே. அசலையும் பிரதியையும் தூக்கிக்கொண்டு போப்பைப் பார்க்கப் போகும்போது கொள்ளைக்காரன் எதைப் பிடுங்கினான்?

வந்தவர்: பிரதியை. மின்னியதே!

கடைக்காரம்மா: அந்தப் பிரதி இருந்ததால்தான் அசல் போப் கைக்குப் போய்ச் சேர்ந்தது. இங்கேயும் அதுதான் சார். மில்லர் விட்டுப்போனது ஏறக்குறைய 600 பக்கம் கையெழுத்துப் பிரதி. பிஸன் அவரை நேரில் பார்த்ததுகூடக் கிடையாது. முன்பின் தெரியாத ஒருவருடைய வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, அட்டையில் பேர் இல்லாமல் ஒதுங்கிவிட்டார். திட்டுகிறபோது மட்டும் எல்லோருக்கும் அந்தப் பேர் சரியாக ஞாபகம் வருகிறது.

வந்தவர்: அதெல்லாம் சரி, ஒட்டுப் போட்டது தெரிகிறதே!

கடைக்காரம்மா: எங்கே, அந்த இடத்தைக் காட்டுங்கள். (புத்தகத்தைப் பிரிக்கிறார்) என்ன சார், அடையாளச் சீட்டு 22ஆம் பக்கத்தில் இருக்கிறது?

வந்தவர்: அது... எனக்குப் பிடித்த பக்கம்.

கடைக்காரம்மா: இதற்கப்புறம் ஒரு தாள்கூடப் பிரிந்த மாதிரி தெரியவில்லையே? முடித்துக் கொடுத்தவருடைய வேலை பெரும்பாலும் கடைசியில்தானே இருக்கும்?

வந்தவர்: வாசம் முன்னாலேயே வந்துவிட்டது.

கடைக்காரம்மா: எப்படியோ, படித்த புத்தகத்தை நாங்கள் திருப்பி எடுப்பதில்லை.

வந்தவர்: யாரம்மா படித்தது? புத்தம் புதுசு! நீங்களே பார்த்தீர்களே, தாள்கூடப் பிரியவில்லை!

கடைக்காரம்மா: அப்போது அந்த 22 பக்கம்?

வந்தவர்: அது மில்லர். அதற்கு மட்டும் காசைக் கழித்துக்கொள்ளுங்கள்.