வீடு பழசாம்

முந்தாநாளிலிருந்து அந்தச் சுரங்கப்பாதைக் கூட்ட வீடியோவை ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். சுரங்கப்பாதைக்கு வைக்கிற வெடியால் வந்தது என்று அந்தப் பாட்டி சுவர் விரிசலைக் காட்டிப் பேச, சுரங்க வேலைத் தரப்பில் மைக் பிடித்தவர் "வீடு பழசும்மா, வெடிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல" என்கிறார், பின்வரிசை சிரிக்கிறது. இதில் என்ன காமெடி என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். கீழே சிரிப்பு எமோஜி போட்டவர்களில் மூன்று பேர் என்னோடு படித்தவர்கள் வேறு.

சுரங்கப்பாதை வெடியின் அதிர்வைக் குறைக்க முடியும். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மொத்தம் எத்தனை கிலோ வெடிமருந்து என்பதைவிட, ஒரே நேரத்தில் எத்தனை கிலோ சேர்ந்து வெடிக்கிறது, வீடு எவ்வளவு தூரம், நடுவில் என்ன பாறை என்பதுதான் கணக்கு. நூறு கிலோவை நாலு நாலு கிலோவாகப் பிரித்து, சில மில்லி செகண்ட் இடைவெளி விட்டு வெடித்தால், வீட்டுக்குப் போய்ச் சேர்வது ஏறக்குறைய அந்த நாலு கிலோவின் அதிர்வு மட்டும்தான். எட்டு மில்லி செகண்ட் இடைவெளி போதும் என்பது பழைய கணக்கு. இப்போது வெடியைத் தூண்டிவிடும் எலக்ட்ரானிக் டெட்டனேட்டரில் ஒவ்வொரு மில்லி செகண்டாக நேரம் வைக்கலாம்.

இது காலேஜில் கற்ற வித்தை என்று நினைக்காதீர்கள். தாத்தாவின் கிணற்றை ஆழப்படுத்தியபோது தமர் அடித்து, அதாவது பாறையில் துளை போட்டு, தோட்டா வைக்க வந்தவர் பள்ளிக்கூடமே போகாதவர். திரியை ஒரே நீளமாக வெட்ட மாட்டார், ஒன்றைவிட ஒன்று நாலு விரக்கடை கூட இருக்கும். ஏன் என்று கேட்டால், "எல்லாம் ஒண்ணா போச்சுன்னா உங்க மோட்டார் ரூமு சுவரு போயிருங் கண்ணு" என்பார். வேட்டுச் சத்தத்தை விரல் மடக்கி எண்ணுவார், ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு யாரையும் கிணற்றில் இறங்க விட மாட்டார். அவருக்குத் தெரிந்தது மைக் பிடித்தவருக்குத் தெரியாதா? தெரியும். அதுதான் எரிச்சல்.

சுரங்கத்தில் பெரும்பாலும் அதிகம் உலுக்குவது முகப்பின், அதாவது குடைந்துகொண்டு போகும் பாறைச் சுவரின், நடுவே முதலில் வெடிக்கும் துளைகள். பாறை நகர இடமே இல்லாமல் அடைபட்டுக் கிடப்பதால் அந்த சக்தியில் நிறைய மலைக்குள் போகிறது. அதற்கும் வழி உண்டு. மருந்தே வைக்காத பெரிய வெற்றுத் துளைகளை நடுவில் கூடுதலாகப் போடு, ஒரு வெடிக்கு மூன்று மீட்டர் குடைவதை ஒன்றரையாக்கு, முகப்பை மேல் பாதி கீழ் பாதியாகப் பிரித்து எடு. ஒரே நேரத்தில் சேர்ந்து வெடிக்கும் மருந்தைப் பாதியாக்கினால் வழக்கமான கணக்கில் அதிர்வு சுமார் 40 சதவீதம் குறைகிறது. குறைக்க முடியும் ஐயா! ஆனால் மாதத்துக்கு இத்தனை மீட்டர் என்று பில் போடுகிற இடத்தில் ஒன்றரை மீட்டர் யாருக்கு இனிக்கும்.

"அப்போ ரோடே வேண்டாமா, ரயிலே வேண்டாமா?" என்று ஒருவர் வருவார். வேண்டும். அடுத்தவர்.

"பாறையைக் குடைந்துகொண்டே போகும் டிபிஎம் மெஷின் போட்டால் வெடியே வேண்டாமே." சின்ன சுரங்கத்துக்கு அந்த மெஷினைக் கொண்டுவந்து இறக்குவதற்குள் பாதி வேலை முடிந்துவிடும். அப்புறம் உத்தராகண்டின் ஜோஷிமட்டில் 2023-இல் அத்தனை வீடுகள் பிளந்தபோது, பக்கத்தில் நீர்மின் திட்டத்துக்குச் சுரங்கம் குடைந்த என்டிபிசி-யிடமிருந்து, எங்கள் சுரங்கம் மெஷினில் குடைந்தது, இப்போது வெடி வைக்கவில்லை என்றுதான் பதில் வந்தது. அந்த ஊர்ச் சரிவில் வெடி வைக்காதீர்கள், பாறையைப் பெயர்க்காதீர்கள் என்று அரசு அமைத்த மிஸ்ரா குழு 1976-லேயே எழுதி வைத்தது வேறு கதை.

"அதிர்வு அனுமதித்த அளவுக்குள்தான் இருந்தது." சரி, இது கொஞ்சம் கனமான கேள்வி. கனிமச் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997 சுற்றறிக்கைப்படி வீடுகளுக்கு அனுமதித்த அதிர்வு வேகம், நொடிக்கு எட்டு முறைக்கும் குறைவாக ஆடினால், அதாவது 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே, நொடிக்கு 5 மில்லிமீட்டர், 25 ஹெர்ட்ஸ் வரை 10, அதற்கு மேல் 15. மண்சுவர் விரிசல் எல்லாமே வெடியால் வந்ததில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். வெயிலில் வரும், அஸ்திவாரம் இறங்கினால் வரும், சுரங்கம் நிலத்தடி நீரை இழுத்துவிட்டாலும் வரும். ஆனால் வேலை தொடங்கும் முன் வீடு வீடாகப் போய்ப் பழைய விரிசலைப் படம் எடுத்து வைத்தீர்களா? அதைச் செய்யாமல் பழசு புதுசு என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? கருவியை எங்கே வைத்தீர்கள், பாட்டி வீட்டு வாசலிலா, ஜீப் போகிற இடத்திலா?

இதை ஏன் இவ்வளவு கோபமாகக் கேட்கிறேன் என்றால், ஜீப் போகிற இடத்தில் வைத்தவன் நான். இமயமலைப் பக்கம் ஒரு சுரங்க வேலையில் இரண்டு வருஷம் அதிர்வுமானியைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். மேல் வீட்டுக்கு அரை மணி நேரம் ஏறவேண்டும், வெடி நேரமோ நெருங்கிவிடும். கீழேயே வைத்துவிட்டு நொடிக்கு 3.2 மில்லிமீட்டர் என்று எழுதினேன். பொய்யில்லை, அந்த இடத்தில் 3.2தான். மேல் வீட்டு அம்மா ஒவ்வொரு வெடிக்கும் அலமாரித் தட்டுகள் ஆடுவதாகச் சொன்னபோது, இதே வாயால் "வீடு பழசு, மாதாஜி" என்றேன். அவர் சிரிக்கவில்லை. டீ கொடுத்தார்.

மனசு கேட்காமல் ஒரு நாள் ஏறிப்போய், அந்த விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடிப் பட்டை ஒன்றை சிமெண்டில் ஒட்டிவிட்டு வந்தேன். விரிசல் அகன்றால் கண்ணாடி உடையும். மூன்றாவது வாரம் உடைந்தது. படம் எடுத்துக்கொண்டு போய் மேலதிகாரியிடம் காட்டினேன். "குரங்கு தட்டியிருக்கும்" என்றார். நானும் ரிப்போர்ட்டில் குரங்கு என்றுதான் எழுதினேன்.