அடுத்த முறை ஒரு பிரேசில் பெண்ணைக் கூட்டி வரவேண்டுமாம்

சனிக்கிழமை ஒரு பாரிஸ் பாரில் நானும் ஒரு பிரேசில் கிதார்காரரும், இரண்டே பேர் டூயோவாக, போஸா நோவா என்ற பிரேசில் பாட்டு பாடினோம். அந்த விஷயம் உங்களில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரியும். மறுபடி முழுக்கதை வேண்டாம். முதல் செட் முடிந்ததும் அந்த பாரிஸ் பாரின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர், நான் பக்கத்தில் நிற்கும்போதே, கிதார்காரரிடம் சொன்ன வரி மட்டும் போதும்: "பிரமாதம். ஆனா அடுத்த முறை ஒரு பிரேசில் பொண்ணைக் கூட்டிட்டு வாங்க."

பிரமாதம் என்றால் அப்புறம் எதற்கு ஆனா? சுருதி விலகியதா? இல்லையாம். தாளம் தப்பியதா? இல்லையாம். உச்சரிப்பு? அவருக்குப் போர்த்துகீஸ் ஒரு வார்த்தை தெரியாது, அதையும் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். மூன்றும் சரி, ஆள்தான் சரியில்லை.

இதில் உச்சக்கட்டம், இடைவேளையில் அவர் ஸ்பீக்கரில் போட்ட பாட்டு. 1966இல் கேன்ஸில் பெரிய விருது வாங்கிய பிரெஞ்சுப் படத்தில் வரும் சம்பா அது, பிரேசிலின் தாள இசை. பாடியவர் பியேர் பரூ, பிரெஞ்சுக்காரர். கிதார் வாசித்தவர் பாடென் பவல், பிரேசில்காரர். வெளிநாட்டுக் குரலும் பிரேசில் கிதாரும். அதைப் போட்டுவிட்டு அவரே தலையாட்டி ரசிக்கிறார்! அந்தக் குரலின் பாஸ்போர்ட்டை யாரும் கேட்கவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பாடகியின் ஊரைக் கேட்காதீர்கள், கிதாரின் கட்டைவிரலைக் கேளுங்கள். பாட்டு அதோடு சேர்ந்து நிற்கிறதா இல்லையா என்பது அங்கே தெரிந்துவிடும்.

புரியாதவர்களுக்காக விளக்குகிறேன். போஸா நோவா இரண்டடித் தாளம். கிதாரில் கட்டைவிரல் ஒவ்வோர் அடியிலும் பாஸ் தந்தியைத் தட்டும். சம்பா ஊர்வலத்தில் வரும் சுர்தோ என்ற பெரிய மேளத்தின் வேலை அது. ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் மூன்றும் சேர்ந்து கார்டை, அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டை, இழுப்பது தம்போரிம் என்ற சின்ன மேளத்தின் வேலை. ஒரு மேளக்கூட்டத்தையே ஒரு கைக்குள் அடக்கியதுதான் போஸா நோவாவின் முன்னோடிப் பாடகர் ஜுவாவ் ஜில்பெர்த்தோ 1958இல் இசைத்தட்டில் செய்து காட்டியது. சிக்கல் எங்கே என்றால், அடுத்த கார்டு பெரும்பாலும் அடுத்த அடிக்குக் கால் அடி முன்னதாகவே வந்துவிடும். பழக்கமில்லாத காது அந்தக் கார்டையே 'சமம்' என்று எடுத்துக்கொள்ளும். பாடகி கால் அடி முன்னே போவார். கிதார்காரர் அவரைக் காப்பாற்ற அவரும் நகர்வார். எட்டுத் தாளச் சுற்றுக்குள் இரண்டு பேரும் வேறு வேறு பாட்டில் இருப்பார்கள். பெரிய பேண்டில் டிரம்ஸ்காரரோ பாஸ்காரரோ பிடித்து நிறுத்திவிடுவார். டூயோவில் யாரும் இல்லை. அங்கே விழுந்தால் விழுந்ததுதான்.

இதற்கு மருந்து உண்டு. முதலில் மெட்டே இல்லாமல் வரிகளைத் தாளத்தில் பேசிப் பழக வேண்டும், மெட்ரோனோம் 60இல். அடுத்து கிதாரில் கட்டைவிரல் மட்டும், கார்டு கிடையாது, அதன் மேல் பாட வேண்டும். அது அசையாமல் நின்ற பிறகுதான் மற்ற மூன்று விரல்கள். கடைசியில்தான் அந்த ஜில்பெர்த்தோ வித்தை: கிதார் கடிகாரம் போல ஓட, குரல் வேண்டுமென்றே கொஞ்சம் தாமதித்து, அல்லது முந்தி, வரி முடிவில் சரியாக வந்து சேர்வது. முதல் மூன்று படியைத் தாண்டாமல் நேராக நாலாவதுக்குப் போனவர்களை மேடையில் நிறையப் பார்க்கலாம். அவர்களில் சிலர் பிரேசிலில் பிறந்தவர்கள். ஆமாம், சொல்லிவிட்டேன்.

"ஜாஸ் பாடகர்கள் எல்லாரும் இதைப் பாடுறாங்களே, அதில் என்ன பெரிய விஷயம்?" பாடுகிறார்கள். பாதிப் பேர் ஸ்விங் போட்டுப் பாடுகிறார்கள், நேராக வரவேண்டிய சுரங்களை நீளம், குட்டை என்று ஆட்டிவிட்டு. கூடவே வரி முடிவில் குரலை நடுங்க விடுவார்கள். இந்தப் பாணியில் சுரம் நேராக, ஏறக்குறையப் பேச்சளவில் நிற்க வேண்டும். கர்நாடக சங்கீதம் படித்துவிட்டு வருபவர்களுக்கும் இதே கஷ்டம்தான். கை தானாகத் தொடையைத் தட்டும், குரல் தானாக அசையும். அசையாமல் ஒரு சுரத்தில் நிற்பது எவ்வளவு கடினம் என்று முயன்றால் தெரியும்.

இப்போது மொழி. "உன் மொழி இல்லையே" என்கிறவர்களுக்குத்தான் நீளமான பதில் வைத்திருக்கிறேன்.

போர்த்துகீஸில் மூக்கொலி உயிர்கள் உண்டு. ஐரோப்பியப் பாடகர்கள் பலர் இங்கேதான் தடுக்கி விழுவார்கள். வரி முடிவில் 'ங்' என்று வாயை மூடிவிடுவார்கள். ஒலி அங்கேயே அறுந்து, அடுத்த சொல் தாமதமாகும். நமக்கு அது கஷ்டமே இல்லை. 'அவன் வந்தான்' என்று பேசும்போது கடைசி 'ன்'னை நாக்கால் தொட்டு யார் முடிக்கிறோம்? 'பணம்' என்று சொல்லும்போது உதடு மூடுகிறதா? உயிரொலி மூக்கில் ஏறி அப்படியே நிற்கும். அதையே நீட்டிக்கொண்டுபோய் கடைசியில் 'உ' பக்கம் சாய்த்தால் 'ஜுவாவ்' என்ற பெயரின் முடிவு வந்துவிடும். லிஸ்பன் ஆசிரியரிடம் மொழி கற்றவர்களுக்கு வேறு தலைவலி. போர்த்துகலில் அழுத்தமில்லாத உயிர்களைப் பாதி விழுங்கிவிடுவார்கள். பிரேசில் மெட்டில் ஒவ்வோர் உயிருக்கும் ஒரு சுரம் உண்டு. விழுங்கினால் சுரம் மிஞ்சி நிற்கும், பாடுவதற்கு எழுத்து இருக்காது.

அப்புறம், எந்தப் பிரேசில் உச்சரிப்பு? என்னோடு வாசிப்பவர் வடகிழக்குப் பிரேசிலின் ரெசீஃபிக்காரர். கிதார் தாளத்துக்கு ரியோவில் 'பச்சீதா' என்பார்கள், அவர் வாயில் அது 'பத்தீதா'. போஸா நோவா ரியோவில் பிறந்தது. அப்படியானால் அவரும் அந்நியர்தானே? அவரை யாரும் கேட்கவில்லை. அவர் ஊர் ஃப்ரேவோ, மரக்காது என்ற வேறு ஆட்டங்கள் ஆடுகிற ஊர் என்று அந்தப் பொறுப்பாளருக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை.

ஆகவே விஷயம் மொழி இல்லை. நேராகவே பேசுவோம். 'பிரேசில் பொண்ணு' என்றால் அவர் மனதில் ஒரு முகம் இருக்கிறது, ஓர் இடுப்பு இருக்கிறது, கொஞ்சம் இறகும் ஜிகினாவும் இருக்கிறது. ஆனால் பிரேசிலுக்கு ஒரே முகம் கிடையாது. அங்கே 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களைக் கலப்பினத்தவர் என்று சொன்னவர்கள் சுமார் 45 சதவீதம், வெள்ளையர் 43, கறுப்பர் 10. 1908இல் ஜப்பானியக் குடியேறிகளோடு கசாத்தோ மாரு கப்பல் சாந்தோஸ் துறைமுகத்தில் வந்து நின்றதிலிருந்து ஜப்பானிய வம்சாவளியும் அங்கே உண்டு. ஜப்பானில் போஸா நோவா பாடிப் புகழ்பெற்ற லிசா ஓனோ பிறந்தது சாவ் பாவ்லோவில். அவர் சனிக்கிழமை வந்து நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? "ஒரு பிரேசில் பொண்ணைக் கூட்டிட்டு வாங்க"!

அந்தப் 'பிரேசில் பொண்ணு' வேடத்தை, தலையில் பழத் தொப்பியோடு, உலகத்துக்குக் காட்டிய பாடகி கார்மென் மிராந்தா 1909இல் போர்த்துகலில் பிறந்தவர், கைக்குழந்தையாக ரியோ வந்தவர். அவர் அமெரிக்காவில் பேர் வாங்கித் திரும்பி, 1940இல் ரியோவின் உர்கா கசினோ மேடையில் ஏறியபோது அரங்கம் சில்லிட்டுக் கிடந்தது. அமெரிக்கக்காரியாகிவிட்டாய் என்பது குற்றச்சாட்டு. அவருக்கே அந்தக் கதி. என்னைப் போன்றவள் எந்த மூலை?

"இது பண்பாட்டுத் திருட்டு இல்லையா, அக்கா?" என்று ஒரு தம்பி கேட்டான். மற்றவற்றை விட இது நியாயமான கேள்வி. சம்பா வளர்ந்தது ரியோவின் கறுப்பின வீடுகளில், வடகிழக்கு மாநிலமான பயீயாவிலிருந்து வந்த தியா சியாதா போன்ற பெண்களின் வீட்டு முற்றத்தில். போலீஸ் துரத்திய இசை அது. 1916இல் தொங்கா என்ற இசைக்காரர் ஒரு சம்பாவைத் தன் பெயரில் தேசிய நூலகத்தில் பதிவுசெய்தபோதே, இது பலர் கூடிப் பாடியது, இவருக்கு மட்டும் எப்படி என்று சண்டை வந்தது. ஆக, யார் பாடுகிறார்கள் என்பதை விட யாருக்குப் பணம் போகிறது என்பது பழைய, உண்மையான கேள்வி. என்னால் முடிந்தது: பாடிய பாட்டுகளின் பட்டியலை, இசையமைத்தவர், வரி எழுதியவர் இருவர் பெயரோடும், பிரான்சில் பாட்டு உரிமைத்தொகை வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும் சசெம் அமைப்புக்குத் தவறாமல் கொடுப்பது. போஸா நோவாவின் பெரிய இசையமைப்பாளர் ஜோபிம் 1994இல் இறந்தார், அவர் பாட்டுகளுக்கு இன்னும் உரிமை உண்டு. பட்டியல் போகாவிட்டால் பார் கட்டும் உரிமைத்தொகை அவர் கணக்கைத் தேடிப் போகாது. அந்த இடத்தில் பட்டியல் படிவத்தைக் கேட்டபோது, அது எதற்கு என்று திருப்பிக் கேட்டார்கள். அசல் பிரேசில் வேண்டும், பிரேசில்காரருக்குப் பணம் போகவேண்டாம். நல்ல அசல்.

"நம்ம பாட்டைப் பாடலாமே, எதுக்கு ஊரான் பாட்டு" என்ற அண்ணாவுக்கு: பாடுகிறேன், நீங்கள் இதுவரை வந்து கேட்டதில்லை.

"விடும்மா, அவர் பாராட்டத்தானே செஞ்சார்" என்பவர்களுக்குப் பதில் சொல்லத் தெம்பில்லை. கிதாரைப் பார்த்துக் கைகுலுக்கி, என்னைப் பார்க்காமலே என்னை மாற்றச் சொன்னதற்குப் பாராட்டு என்று பெயர் வைத்தால், சரி, பாராட்டுதான்.

அசல் வேண்டும் என்கிறவர்கள் முதலில் இசைக்கு இடம் கொடுக்கட்டும். காபி அரைக்கும் மிஷினுக்குப் பக்கத்தில் எங்களை உட்கார வைத்தார்கள். நைலான் தந்திக் கிதாருக்கு எதிரே ஸ்பீக்கரைத் திருப்பி வைத்தார்கள். கிதார் வயிற்றின் காற்றதிர்வு சுமார் 100 ஹெர்ட்ஸில் இருக்கிறது, அது ஸ்பீக்கரோடு சேர்ந்து ஊளையிடாமல் என்ன செய்யும்? என் மைக்கில் கனத்த கீழ் ஒலியை வெட்டும் லோ-கட் கூட இல்லை. மெதுவாகப் பாடுகிற பாணி, வாய் மைக்குக்கு இரண்டு மூன்று விரல் தூரத்தில் இருந்தாக வேண்டும். அவ்வளவு கிட்டப் போனால் குரலில் பாஸ் கூடும், கட்டைவிரல் அடிக்கிற பாஸோடு குழம்பும். குரலுக்கு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் தீர்ந்தது, ஒரு பொத்தான் வேலை. அதற்கும் ஆளில்லை.

அடுத்த மாதத் தேதியை நாங்கள் இருவரும் சேர்ந்தே வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். வேறு இடம் தெரிந்தவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். எங்களுக்கு வேண்டியது: தனித்தனி வால்யூமும் லோ-கட்டும் உள்ள இரண்டு சேனல், கை இல்லாத இரண்டு நாற்காலி, ஒவ்வொன்றும் நாற்பத்தைந்து நிமிடமாக இரண்டு செட், பாடும் நேரத்தில் மிஷின் ஓடக்கூடாது, முடிந்ததும் பட்டியல் படிவம். சம்பளம் இருவருக்கும் சமம்.