மாம்பழத்தைக் காயாக வாங்குங்கள்

மாம்பழம் வாங்கப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். பழமாக வாங்காதீர்கள். நன்றாக விளைந்த காயாகப் பார்த்து வாங்கி, வீட்டில் பழுக்கப் போடுங்கள்.

பட்டுத்தான் சொல்கிறேன். ஒருமுறை வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்களே என்று ஒரு பெட்டி பழம் வாங்கினேன். அத்தனையும் ஒரே மஞ்சள், தோலில் ஒரு புள்ளிகூட இல்லை. அறுத்தால் சதை வெளிறிக் கிடக்கிறது. மணமே இல்லை, வாயில் வைத்தால் புளிப்பு. ஆசையாகத் தட்டை நீட்டிய பிள்ளைகளின் முகம் வாடிப்போனது. அன்றிலிருந்து நிறத்தை நம்புவதில்லை.

நிறம் உண்மையிலேயே எதையும் சொல்லாது. டாமி அட்கின்ஸ் வகை காயாக இருக்கும்போதே சிவந்திருக்கும். லங்டா நன்றாகப் பழுத்த பிறகும் பச்சையாகவே இருக்கும்.

மாங்காயைப் பறித்த பிறகும் அது பழுக்கும். அதற்கு வேண்டிய எத்திலீன் வாயுவைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். உள்ளே இருக்கும் மாவுச்சத்து சர்க்கரையாகும், புளிப்பு இறங்கும், மணம் ஏறும். ஆனால் மரத்திலேயே விளைந்த காயில்தான் இதெல்லாம் நடக்கும். அவசரப்பட்டுப் பிஞ்சாகப் பறித்துவிட்டால் மாற்றுவதற்கு மாவுச்சத்தே போதாது. என்ன செய்தாலும் தோல் மஞ்சளாகுமே தவிர, உள்ளே வெம்பல்தான்.

கார்பைட் கல் வைப்பவர்கள் செய்வது இதைத்தான். கல்லில் ஈரம் பட்டால் அசிட்டிலீன் வரும். அது எத்திலீன் செய்யும் வேலையை அரைகுறையாகச் செய்யும். தொழிற்சாலைக் கார்பைடில் ஆர்சனிக்கும் பாஸ்பரஸும் சிறிதளவு கலந்திருக்கும் என்பதால், தின்கிறவருக்கு மட்டுமல்ல, அதை வெறும் கையால் அள்ளி வைக்கும் தொழிலாளிக்கும் கேடு. இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. எத்திலீன் வாயுவை அளவாக விட்டு அறையில் பழுக்க வைப்பது வேறு. அது பழம் தானே செய்வதைத்தான் தூண்டிவிடுகிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டு 'மருந்துப் பழம்' என்று திட்டுவது நியாயமில்லை.

சரி, விளைந்த காயை எப்படிக் கண்டுபிடிப்பது? காம்பைப் பாருங்கள். காம்பு சற்றுக் குழிக்குள் இறங்கினாற்போல, அதன் இரு பக்கமும் தோள் எழும்பி நிற்க வேண்டும். கன்னம் இரண்டும் உப்பியிருக்க வேண்டும். ஒட்டிப்போய்த் தட்டையாக இருந்தால் பிஞ்சு. கையில் தூக்கினால் பருமனுக்கு ஏற்ற கனம் தெரியும். வீட்டுக்கு வந்ததும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். விளைந்தது பெரும்பாலும் மூழ்கும், பிஞ்சு மிதக்கும். தோல் சுருங்கியதும் காம்படி கறுத்துக் கசிவதும் வேண்டாம். பழுத்த பழம்தான் வேண்டுமென்றால் காம்படியை முகர்ந்து பாருங்கள், மணம் அங்கேதான் முதலில் வரும். தயவுசெய்து கட்டைவிரலால் அழுத்தாதீர்கள். நீங்கள் அழுத்திய இடம் நாளைக்கு இன்னொருவர் வீட்டில் கறுக்கும்.

காம்பில் பால் வடிந்திருந்தால் கழுவித் துடைத்துவிடுங்கள். அந்தப் பால் தோலைச் சுட்டுக் கறுப்பாக்கும், சிலருக்கு உதடும் கையும் அரிக்கும். அப்புறம் ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி, வெயில் படாத இடத்தில், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வையுங்கள். காகிதமோ வைக்கோலோ, வேலை ஒன்றுதான்: பழம் விடும் எத்திலீனைப் பக்கத்திலேயே நிறுத்துவது. அவசரமென்றால் கூடவே ஒரு பழுத்த வாழைப்பழம் வைக்கலாம். பிளாஸ்டிக் பையில் மட்டும் கட்டி வைக்காதீர்கள், வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். தினமும் ஒருமுறை எடுத்துப் பார்த்து, அழுகத் தொடங்கியதை உடனே தள்ளிவிடுங்கள். பெரும்பாலும் நாலைந்து நாளில் வீடே மணக்கும்.

இதில் பலரும் செய்யும் பெரிய தவறு, காயை அப்படியே ஃபிரிட்ஜில் வைப்பது. சுமார் 12 டிகிரிக்குக் கீழே போனால் மாங்காய் குளிரில் அடிபடும். வீட்டு ஃபிரிட்ஜ் 4 டிகிரி அளவில் இருக்கும். தோல் சாம்பல் பூத்துக் குழி விழும், வெளியே எடுத்த பிறகும் சரியாகப் பழுக்காது. பாடுபட்டு விளைவித்த காயை நாமே கெடுப்பது அது. பழுத்த பிறகு வையுங்கள், நாலைந்து நாள் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமானால் தோல் சீவித் துண்டு போட்டு, தட்டில் பரப்பி உறைய வைத்து, பிறகு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரீசரில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். ஜூஸ் அடிக்கப் போதுமானது.

முழுப்பழத்தை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தால் உடனே அறுக்காதீர்கள். குளிரில் மணம் அடங்கியிருக்கும். அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுக் கத்தியை எடுங்கள்.